கர்த்தருக்கென்று விட்ட நொண்டிக் கோழி

எங்களுக்காக ஜெபித்த சபையாருக்கு இதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

போன வருடம் ஆடியில் என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. மதுரையில் வைத்தியம் பார்த்து, சமயநல்லூர் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். "கை கால்ல உணர்வு வந்துருச்சு. இனி அவங்கதான் எந்திரிக்கணும்" என்றார் டாக்டர். ஆனால் ஒருமுறை விழுந்த பயத்தில் அவள் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. கெஞ்சினேன், திட்டினேன், முழங்காலில் நின்று அழுதேன். வானம் மூடிக் கிடந்தது போல் இருந்தது.

அவள் நடமாடிய நாளில் ஒரு கோழிக்குஞ்சை ஸ்தோத்திரப் பண்டிகைக் காணிக்கைக்கென்று விட்டிருந்தாள். கார்த்திகையில் நாய் கடித்து அதன் கால் போனது. "ஊனமானதைக் கர்த்தருக்குப் படைக்கக் கூடாதுண்ணே. அடிச்சுக் குழம்பு வச்சிட்டு, வேற கோழி விடுங்க" என்றார் பக்கத்து வீட்டுத் தேவராஜ். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஸ்டெல்லாதான் விடவில்லை. "அது கர்த்தருக்குன்னு விட்டதுங்க" என்று அழுதாள்.

மார்கழிப் பனி கடுமையாக இருந்தது. நொண்டிக் கோழி மற்ற கோழிகளோடு அணைந்து படுக்க முடியாமல் ஓரத்தில் நடுங்கியது. முணுமுணுத்துக்கொண்டே அட்டைப்பெட்டியில் சாக்கு விரித்து, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு, அடுப்படியில் வைத்தேன். ஸ்டெல்லா படுத்தபடியே அதை எட்டிப் பார்ப்பாள்.

ஒரு விடியற்காலை பால் வாங்கப் போயிருந்தேன். கரண்டு போனது. திரும்பி வந்தால் கட்டில் காலி! பதறிப்போய் அடுப்படிக்கு ஓடினேன். தரையில் உட்கார்ந்திருந்தாள் ஸ்டெல்லா. மடியில், அவள் முந்தானைக்குள், கோழி.

"எப்படி வந்தே?"

"செவத்தப் பிடிச்சுத்தான் வந்தேன். பல்பு அணைஞ்சிருச்சு. இது வெறச்சுப்போய்க் கெடந்துச்சுங்க, பாத்துட்டுப் படுத்திருக்கச் சொல்றீங்களா?"

பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே மண்டியிட்டேன். அழுகைதான் வந்தது.

அன்றிலிருந்து அதற்குத் தீனி வைக்க அவளே எழுந்து வந்தாள். கோழிக்குக் கால் சரியாகவில்லை. அவளுக்கும் முழுதாக இல்லை, ஊன்றுகோல் வேண்டும்.

தையில் பண்டிகை. கோழியை நான் தூக்கி வருகிறேன் என்றேன். தர மறுத்தாள். "ஊனமானதுன்னு யாராவது சொல்லப் போறாங்க" என்று கிசுகிசுத்தேன்.

"நானும் இப்படியேதானங்க அவர்கிட்டப் போறேன். இதுவும் வரட்டும்."

ஒரு கையில் கோல், மறுகை அணைப்பில் கோழி. பீடம் வரைக்கும் அவளே நடந்தாள். சபையே எழுந்து நின்றது.

உங்கள் வீட்டிலும் யாராவது படுக்கையில் கிடக்கலாம். ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். பதில் இப்படித்தான் வரும் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். எனக்கு வந்த பதிலை நான் குழம்பு வைக்கப் பார்த்தேன்.