ஃபென் வீட்டிலிருந்து வந்த செய்தி

இது கனவாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் என் கணவர் எகோனின் மருத்துவமனைக் காகிதத்தில் இரண்டு நேரங்கள் அச்சாகியிருக்கின்றன. நம்பாதவர்கள் எர்லன்பெக்கில் யாரை வேண்டுமானாலும் கேட்கலாம். லுட்கரை மட்டும் கேட்க முடியாது.

எர்லன்பெக் இப்போது நகரத்தின் ஓர் ஓரம்தான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் எங்களை நகரத்தோடு சேர்த்தார்கள், பிறகு புறவழிச் சாலை வந்தது. ஓடைக்கு இந்தப் பக்கம் இருந்ததே மூன்று வீடுகள். அதில் யாரும் குடியில்லாத ஃபென் வீடு இடிபட்டுச் சாலைக்குப் போயிற்று. எங்கள் வீடும் லுட்கர் வீடும் மிஞ்சின.

சென்ற ஆண்டு ஊருக்கு எண்ணூறு வயது நிறைந்தது. அதற்கு ஒரு புத்தகம் போட்டோம், எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. சாவுச் செய்தி சொல்லும் வரிசையும் அதில் வர வேண்டும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அடுத்த வீட்டு ஜன்னலில் கைத்தடியால் மூன்று முறை தட்டிச் சொல்வார்கள். அவர்கள் அதற்கடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள். கடைசி வீட்டார் சாவு வீட்டுக்கே திரும்பிப் போய், "எல்லாருக்கும் தெரியும்" என்று முடிப்பார்கள். மாலை ஆறு மணிக்குத் தேவாலய மணி அடிப்பதற்குள் சுற்று முடிய வேண்டும். செய்தி நடுவில் எந்த வீட்டிலும் தங்கக் கூடாது. தங்கினால், அந்த வீட்டில் அது தனக்கொரு இடம் கேட்கும் என்பார்கள்.

ஃபென் வீட்டிலிருந்து எங்களுக்கு, எங்களிடமிருந்து லுட்கருக்கு, லுட்கரிடமிருந்து மறுபடி ஃபென் வீட்டுக்கு. இதுதான் எங்கள் வரிசை.

வசந்தத்தில் தீயணைப்புக் கொட்டகையில் அக்கம்பக்கத்தார் கூட்டம். கையில் பீர், தட்டில் வாட்டிய சாஸேஜ். "ஃபென் வீட்டை வரிசையிலேர்ந்து எடுத்துடலாமா?" என்று கேட்டேன்.

லுட்கருக்கு எண்பத்தோரு வயது. வாய்க்கு மட்டும் இருபது.

"எடும்மா ஆக்னெஸ். அங்க இப்ப லாரிதான் குடியிருக்கு. அதுங்ககிட்ட போய் யாரு துக்கம் சொல்றது?"

கொட்டகையே சிரித்தது. எகோன் மட்டும் சிரிக்கவில்லை. "பேருதானே, இருந்துட்டுப் போகட்டுமே. தீனியா கேக்குது?"

நான் பேனாவால் அந்தப் பேர் மேல் ஒரு கோடு போட்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

நவம்பரில் எகோனுக்கு இதய அறுவைச் சிகிச்சை. முந்தின நாள் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது பாதிக் காப்பியை மேஜையில் வைத்தார். "கழுவிடாத. வந்து மிச்சத்தைக் குடிப்பேன்." எந்தப் பயணத்துக்குக் கிளம்பினாலும் நாற்பத்திரண்டு வருஷமாக அவர் சொல்லும் அதே வார்த்தை. நான் கழுவவில்லை. அவர் நாற்காலிக்குக் கீழே செருப்பைச் சுவர் பார்க்க ஜோடி சேர்த்து வைத்தேன். மறுநாள் மாலை தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வெளியே பனிமூட்டம். ஐந்து மணிக்கே கும்மிருட்டு. மழை இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மணி 5.12.

டக். டக். டக்.

ஜன்னலில் ஓர் ஆள். பழைய கறுப்புக் கோட்டு. தொப்பி முகத்தை மறைத்தது. கோட்டின் ஓரத்திலிருந்து சேறு சொட்டியது. மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை... அந்த இடத்தில் வெள்ளை நூல் மட்டும் தொங்கியது.

"ஃபென் வீட்டில ஒருத்தர் போயிட்டார்."

தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல ஒரு குரல்.

"யாரு நீங்க?"

ஓடிப் போய்க் கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. ஜன்னல் விளிம்பில் நான்கு துளையுள்ள ஒரு கறுப்புப் பொத்தான் கிடந்தது. எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டேன். கூட்டத்தில் சிரித்த எவனோ விளையாடுகிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

5.20. மருத்துவமனைக்குப் பேசினேன். "இன்னும் உள்ளதான் இருக்கார். டாக்டரே கூப்பிடுவார்."

போனை எடுத்த பெண்ணின் குரல் சரியில்லை.

5.31. டக். டக். டக்.

இந்த முறை சமையலறை ஜன்னல்.

5.40. டக். டக். டக்.

இந்த முறை படுக்கையறைக் கதவு.

உள்பக்கமிருந்து...

மேஜையில் எகோனின் ஆறிய காப்பி வட்டம் வட்டமாக அதிர்ந்தது.

நாற்காலி முனகியது. யாரோ உட்காருவதுபோல.

குனிந்து பார்த்தேன்.

செருப்புகள் திரும்பியிருந்தன. வாசலைப் பார்த்து.

இடம் கேட்கிறது...

எகோனின் இடம்.

அவர் கைத்தடியை எடுத்தேன். ஓடினேன்.

5.54. லுட்கர் வீட்டு ஜன்னல். டக். டக். டக்.

கம்பளிச் சட்டையோடு எட்டிப் பார்த்தார். "என்ன ஆக்னெஸ், பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"ஃபென் வீட்டில ஒருத்தர் போயிட்டார்."

"கோடு போட்டவளே வந்து சொல்றியா! அங்க யாரு, தவளையா?"

நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பும் நின்றது.

"எகோன் எப்படி இருக்கான்?"

வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

லுட்கர் சாலைப் பக்கம் பார்த்தார். பனியில் ஒரு லாரியின் வெளிச்சம் போயிற்று. செய்தியை ஃபென் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக வேண்டியவர் அவர்தான். எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். 'வேண்டாம்' என்று நான் சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை.

"சரி, நீ வீட்டுக்குப் போ. போன் அடிக்கும்," என்றார். "துக்கம் சொல்லப் போறவன் இந்தக் கோலத்தில போகக்கூடாது. கோட்டை எடுத்துப் போட்டுக்கறேன்."

பாதி வழியில் ஆறு மணி அடித்தது. வீட்டுக்குள் நுழையும்போது தொலைபேசி ஒலித்துக்கொண்டிருந்தது. எகோன் பிழைத்துவிட்டார். அறுவை முடிந்து இதயம் தானாகத் துடிக்க வேண்டிய நேரத்தில் அது துடிக்கவில்லையாம். காகிதத்தில் அந்த நேரம் 5.12 என்று இருக்கிறது. மறுபடி துடித்த நேரமும் இருக்கிறது. 5.54.

எட்டாம் நாள் எகோன் வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாகக் காப்பிக் கோப்பையைத் தேடினார். நான் அதைக் கழுவி வைத்திருந்தேன்.

அதற்குள் லுட்கரைப் புதைத்தாகிவிட்டது.

நான் போய்ச் சொன்னதற்கு மறுநாள் காலை, புறவழிச் சாலையோரப் புல்லில் அவரைக் கண்டெடுத்தார்கள். தொப்பியும் கைத்தடியும் பக்கத்தில் கிடந்தன. எந்த வண்டியும் மோதவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். ஒரு வாரமாக மழையே இல்லை. மண் காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் அவருடைய கறுப்புக் கோட்டின் ஓரத்தில் ஈரச் சேறு.

அடையாளம் காட்ட என்னைத்தான் அங்கே கூப்பிட்டார்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. வெள்ளை நூல் தொங்கியது. என் கை ஏப்ரன் பைக்குள் போயிற்று. மற்றப் பொத்தான்களைப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே நான்கு துளை.

இளம் காவலர் படிவத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இறந்த இடம்னு ஒண்ணு எழுதணும்மா. இங்க வீடு நம்பர் எதுவும் இல்லையே. இந்த எடத்துக்கு ஏதாவது பேர் இருக்கா?"

புல்லுக்கு அடியில் ஒரு பழைய வாசற்படிக் கல் தெரிந்தது.

"இருக்கு," என்றேன். "ஃபென் வீடு."