ஹமீது நானாவின் இறாலும் ஆறாவது நிமிடமும்

டிக்... டிக்... டிக்...

அந்தப் பம்பின் சத்தம் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. அதோடு மெதனோல் வாசம், கதவு திறக்கும்போதெல்லாம் உள்ளே வரும் இறால் வாசம், விரல் விறைக்கும் ஏசிக் குளிர்.

படிப்பு முடிந்த கையோடு கிடைத்த முதல் வேலை. கரைத்தீவிலிருந்து காலையில் பஸ் ஏறிப் போவேன். வெளிநாட்டுக்கு இறால் அனுப்பும் ஒரு கம்பனியின் ஆய்வுகூடம். பண்ணையில் நோய்க்குப் போடும் மருந்து இறாலில் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

அங்கேதான், கலவையில் உள்ளதைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. மெஷினை முதன்முதலாகத் தொட்டேன். கம்பஸில் படிக்கும்போது தள்ளி நின்று பார்த்ததோடு சரி...

ஒரு சாண் நீள உருக்குக் குழாய். உள்ளே மாவை விட நுண்ணிய தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். பம்ப் பெரும் அழுத்தத்தில் திரவத்தை அதற்குள் தள்ளும். நாங்கள் ஊசியால் ஏற்றும் மாதிரியும் அந்தத் திரவத்தோடு ஓடும். தூளோடு அதிகம் ஒட்டும் பொருள் பிந்தி வரும், ஒட்டாதது முந்தி வரும். வெளியே வரும்போது கம்பியூட்டர் கோட்டில் ஒரு முகடு எழும்பும். நாங்கள் தேடும் மருந்துக்கு ஆறாவது நிமிடம்.

வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வாரம், ஹமீது நானாவின் இறால் வந்தது. கற்பிட்டிப் பக்கம் பண்ணை வைத்திருந்தவர், எல்லோருக்கும் அண்ணன் முறையில் நானா. மருந்து இருந்தால் கம்பனி அவருடைய இறாலை எடுக்காது, இனி எப்போதுமே எடுக்காது.

மாதிரியை ஏற்றினேன். ஆறாவது நிமிடத்தில் சின்னதாய், அழகாய் ஒரு முகடு.

என் பொறுப்பாளர் மேரி மிஸ்ஸிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். பெரிதாய் எதையோ கண்டுபிடித்த சந்தோசம் எனக்கு. மிஸ் வெளியே போய், முடிவுக்காகக் காத்திருந்த ஹமீது நானாவிடம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் அவர் கதவடியில் வந்து நின்றார். தொப்பி கையில்.

"மகள், நான் மருந்து ஒண்டும் போடல்ல. இன்னொருக்கா பாக்க ஏலுமா?"

மெஷின் பொய் சொல்லாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும், "பாக்கிறன் நானா" என்றேன்.

திரும்பிப் போய் ஊசியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. அவருடைய மாதிரிக்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நான் ஏற்றியது அந்த மருந்தின் கரைசலையேதான், அதுவும் நல்ல செறிவானதை. அதே ஊசி. ஒரே ஒரு தரம் கழுவியிருந்தேன்.

இறாலே இல்லாத வெறும் திரவத்தை ஏற்றினேன். நான்கு... ஐந்து... ஆறாவது நிமிடம்.

வெறும் திரவத்திலும் முகடு எழும்பியது!

அது ஹமீது நானாவின் மருந்து இல்லை. என் ஊசியில் ஒட்டியிருந்த மிச்சம்.

மிஸ்ஸைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"இது யார்ர பிழை?"

"என்ட பிழை மிஸ்."

"அப்ப அத புத்தகத்தில எழுதி, உங்கட பேரையும் போடுங்க. பிறகு நல்லா கழுவிட்டு முதல்ல இருந்து செய்ங்க."

எழுதிப் பேரையும் போட்டேன். ஊசியை, மாதிரி ஏற்றும் துளையை, எல்லாவற்றையும் திரும்பத் திரும்பக் கழுவினேன். வெறும் திரவம்... கோடு நேராகப் போனது. பிறகு அவருடைய இறால். திரையடியிலேயே நின்றேன். ஆறு தாண்டியது, ஏழு தாண்டியது... கோடு அசையவே இல்லை. இன்னொரு தரம் ஏற்றினேன். அப்போதும் அப்படியே.

வெயிலுக்குள் ஓடினேன். போட்டிருந்த வெள்ளைக் கோட்டைக் கழற்றவும் மறந்துபோனேன்.

"நானா, ஒண்டும் இல்ல. என்ட பிழைதான். மன்னிச்சுக்கொள்ளுங்க."

அவர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் போட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்கு எப்பிடி மகள் தெரியும்?"

இப்போது நான் வேறொரு ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. மெஷினே ஊசியைக் கழுவி, மெஷினே மாதிரியை எடுத்து ஏற்றுகிறது. குப்பிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். மாதிரிகள் இலக்கத்தோடு மட்டும் வரும், யாருடைய இறால் என்று தெரியாது. அதுதான் சரியான முறை, நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனாலும் சில நாள், கோடு அசையாமல் நேராகப் போய் முடியும்போது, வெளியே ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது...