ஹலோ அக்காவின் இலை டப்பா

வாசல் கதவைத் தட்டினால்கூட "ஹலோ, சொல்லுங்க" என்றுதான் கேட்பாள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்தவளுக்கு வேறெப்படி வரும்? தெருவே அவளை ஹலோ அக்கா என்றது. அப்படிப்பட்டவளுக்கா காது போக வேண்டும்? போயிற்று. யாரோ ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு போனதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சத்தம் உள்ளே போகிற வழிதான் அடைத்துக்கொண்டது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். ஆபரேஷன், கத்தி என்றதும் இவள் எழுந்து வந்துவிட்டாள். அதன்பின் கேட்டதெல்லாம் தன் குரல் ஒன்றுதான். ஹலோ சொல்வதையும் விட்டாள். பதில் வராத இடத்தில் எத்தனை தடவை சொல்வது?

ஒரு மதியம், சாலட்டில் பச்சையாகப் போடுகிற லெட்டூஸ் இலை ஒன்றைச் சும்மா கடித்தாள். தலைக்குள் மழை பெய்தது. தகரக் கூரையில் விழும் மழை, அதே சடசடப்பு. கையில் பாதி இலையோடு அப்படியே நின்றுவிட்டாள். பிஸ்கட்டும் சத்தம் போடும்தான், ஆனால் அது உடைகிற சத்தம், அவ்வளவே. அன்று முதல் மதியமெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஒவ்வோர் இலையாக மெல்லுவாள். வெளியே வெயில் கொளுத்தும். அவளுக்கு மட்டும் மழைக்காலம்.

தொல்லை என்னவென்றால், லெட்டூஸ் விற்கிற தெருமுனைக் காய்கறி வண்டிக்காரி திங்கட்கிழமைதான் வருவாள். புதன் தாண்டினால் இலை துவண்டுவிடும். துவண்ட இலை ஊமை. விடுவாளா இவள்? படாத பாடு பட்டுக் கற்றாள். இலை இலையாகப் பிரித்து, குளிர்ந்த நீரில் அலசி, சொட்டு ஈரமில்லாமல் உதறி, பழைய பருத்தித் துணியில் தளரச் சுற்றி, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைப்பாள். துணி நனைந்தால் மாற்றுவாள். வியாழன், வெள்ளி என்று நீண்டு, கடைசியில் ஞாயிறுவரை மழை வந்தது.

புருஷன் வாட்ச் ரிப்பேர்க்காரர். முன்பே நாளைக்கு நாலே வார்த்தை பேசுகிற மனிதர், நெருங்கி உட்காருகிற வழக்கமும் கிடையாது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமென்றால் மீசை மறைக்கும். 'சாவி எங்கே', 'பால் வந்தாச்சு' என்று சீட்டில் எழுதி நீட்டுவார். அவர் குரல் எப்படியிருக்கும் என்பதே அவளுக்கு மறந்துகொண்டு வந்தது. அதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்தால் இலையெல்லாம் பழுப்புப் புள்ளி. உள்ளே ஜம்மென்று இரண்டு ஆப்பிள் உட்கார்ந்திருந்தன. பழுத்த பழம் பக்கத்து இலையைக் கெடுக்கும் என்று இந்த மனிதருக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்!

"ஏங்க, உங்களுக்கு வேற இடமே கிடைக்கலையா? இன்னும் மூணு நாளைக்கு நான் என்னத்தைக் கேக்கிறது?" கண் கலங்கிவிட்டது.

அவர் சீட்டைத் தேடவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, வாட்ச் சக்கரம் பொறுக்குவதுபோல இலை இலையாகப் புரட்டினார். அடியில் ஒரே ஓர் இளம் இலை பிழைத்திருந்தது. நீட்டினார்.

"ஒண்ணும் வேணாம், நீங்களே தின்னுங்க."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. இன்னொன்றாவது மிஞ்சியிருக்குமா என்று டப்பாவுக்குள் குனிந்தாள். அவரும் குனிந்தார். இரண்டு நெற்றியும் முட்டி நின்றன. அவர் பாட்டுக்கு, அவள் சொன்னபடியே இலையைக் கடித்துவிட்டார்.

மழை பெய்தது.

அவள் வாயில் ஒன்றுமில்லை. அசையாமல் இருந்தாள். மழை ஓய்ந்தது. பிறகு நெற்றி வழியாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல் முனகியது.

"ஆப்பிளை வேற எங்கதாம்மா வைக்கிறது?"

அந்தக் குரலைக் கேட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. கொஞ்சம் கரகரத்திருந்தாலும் அதே குரல். அவர் தலை நகர்ந்துவிடாமல் கழுத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஹலோ," என்றாள். "சொல்லுங்க."