தனியே நடக்க நினைத்தவர்

எடைக்கற்களைச் சோதிக்கும் கூடத்தில் அவருக்குப் பட்டப்பெயர் 'ஆதாரம்'. மழை வரும்போலிருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, அதற்கு ஆதாரம் என்ன என்று கேட்காமல் விடமாட்டார். இருபத்தாறு வருடங்களாகக் கண்ணாடிப் பெட்டித் தராசில் கல்லை வைத்து, மூச்சுக்காற்று படாமல் தள்ளி நின்று அளவு பார்த்தவர். தள்ளி நிற்கும் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டதுதான் தொல்லை.

விடிந்ததும் மனைவியோடு கால்வாய்க் கரையில் அரை மணி நேரம் நடப்பார். நடந்த நாளில் மூளை தெளிவாக இருப்பதாக அவருக்கு ஓர் எண்ணம். எண்ணத்தோடு நிற்கிற ஆளா அவர்? காசைச் சுண்டினார், தலை விழுந்தால் நடை, பூ விழுந்தால் வீடு. இப்படி அறுபது நாள் ஓட்டி, அன்றன்று அறிக்கையில் விட்ட பிழைகளைக் குறித்துவைத்தார். நடந்த நாள்களில் பிழை குறைவுதான்.

வேறொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். இவருக்கு மனம் ஆறவில்லை. நடந்தோம் என்கிற நினைப்பே தெளிவைத் தந்திருக்கலாமே? தனக்கே தெரியாமல் நடக்க முடியாது என்பதால் அதைச் சோதிப்பதைக் கைவிட்டார். ஆனால் மனைவியும் கூடவே வந்தாளே, பேச்சும் சேர்ந்துவிட்டதே! இரண்டையும் பிரித்துப் பார்த்தாக வேண்டும். மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கும்போது, இனி முப்பது நாள் தனியாக நடக்கப்போவதாகச் சொன்னார். பாவி மனிதர், காரணத்தையும் பொறுமையாக விளக்கினார்.

அவள் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க ஊரார் குறையைக் கேட்பவளுக்குத் தன் குறையைச் சொல்ல அந்த அரை மணிதான் இருந்தது. வீட்டுக்குள் அவர் செய்தித்தாளுக்குள் புகுந்தால் இடி இடித்தாலும் எழமாட்டார். அந்த அரை மணியையும் பறிக்கிறாரே என்று அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

"என் பேச்சால ஒரு பிரயோஜனமும் இல்லைன்னு தெரிஞ்சா, என்னோட பேசுறதை நிறுத்திடுவீங்களா?"

"சேச்சே, அது எப்படி நிறுத்துவேன்?"

"அப்ப இந்த முப்பது நாள் எதுக்கு?"

எந்த விடை வந்தாலும் செய்யப்போவது மாறாது என்றால் அது சோதனையே இல்லை என்று கூடத்தில் பத்துப் பேருக்குச் சொன்னவர் அவர்தான். காது மடல் சூடாகிற அளவுக்கு வெட்கமாகிவிட்டது. அவள் காத்திராமல் படியிறங்கினாள். இவர் ஒரு செருப்பை மாட்டியும் மாட்டாமலும் பின்னால் ஓடினார்.

"நேத்து ஆபீஸ்ல என்னமோ நடந்துச்சுன்னு சொல்ல வந்தியே, என்ன அது?"

அவள் உடனே சொல்லிவிடவில்லை. பாலம் தாண்டும்வரை காக்கவைத்தாள்.