ராஜா குலுங்காமல் போன ரோடு

எங்கள் ஊருக்கு ஒருமுறை ராஜா வந்தார். கதை விடவில்லை, நிஜ ராஜா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி புதிதாக பிளான்ட் கட்டியிருந்தது. அதைத் திறந்துவைக்க அந்த நாட்டு ராஜாவே வருவதாகப் பேச்சு. பிளான்ட்டுக்குப் போகும் ரோடு எங்கள் தெரு முனை வழியாகத்தான் போகும். விமானத்திலா நேராக வந்து இறங்கப் போகிறார், எங்கள் வாசலைத் தாண்டித்தானே ஆக வேண்டும்? இது தெரிந்த நாளிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அம்மா பள்ளிப்பட்டுப் பக்கம் பிறந்தவள். சின்ன வயதில் திரௌபதி அம்மன் திருவிழாவில் தன் நைனாவின் தோளில் உட்கார்ந்து விடிய விடியக் கூத்துப் பார்த்தவள். அவள் அறிந்த ராஜாக்கள் எல்லாம் கிரீடம் கட்டி, அரிதாரம் பூசி ஆடிவிட்டு, விடிந்ததும் ஏர் ஓட்டப் போகிறவர்கள். கல்யாணமாகி இங்கே வந்து, களை எடுத்து, பிறகு கம்பெனிகளில் கூட்டிப் பெருக்கி அவள் காலம் போயிற்று. "நெஜ ராஜா மூஞ்ச ஒரு தபா பாத்துட்டா போதும்டி" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வேறு எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அப்போது எங்கள் தெரு முனையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருந்தது. அரசாங்கம் போட்டதில்லை. என் தம்பியின் காலில் ஒரு லாரி ஏறிய பிறகு, மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், அம்மாவே தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஜல்லியும் சிமெண்டும் குழைத்துப் போட்டது. கோணல்மாணலாக இருக்கும். ஆனால் எப்பேர்ப்பட்ட லாரிக்காரனும் அங்கே வந்தால் ஊர்ந்துதான் போவான்.

ராஜா வருவதற்கு முன் ஒரு அதிகாரி ஜீப்பில் வந்து அந்த மேட்டைப் பார்த்தார். "யம்மா, இதுல ராஜா வண்டி குலுங்குனா நமக்குத்தான் அசிங்கம். எடுத்துடுவோம். அவரு போனதும் நாங்களே நல்லதா போட்டுக் குடுக்குறோம்" என்றார். தெருவே அம்மாவின் முகத்தைப் பார்த்தது. "வாணாம்மா, சொல்லிட்டேன்" என்றான் தம்பி.

"ஊட்டுக்கு வர்ற விருந்தாளிய வாசல்லயே இடற உட்டா நல்லாருக்குமாடா?" என்றாள் அம்மா. மேட்டைப் பெயர்த்துத் தார் போட்டுச் சமமாக்கினார்கள். சிதறிய ஜல்லியை அவளே பெருக்கித் தள்ளினாள்.

ராஜா வரும் அன்று காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. ரோட்டோரம் கயிறு கட்டிப் போலீஸ் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. அம்மா பொங்கலுக்கு எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டு, ஆரத்தித் தட்டோடு கயிற்றை ஒட்டி முதல் ஆளாக நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா என்னைக் கண்ணால் காட்டி, "இன்னாக்கா, ராஜாவுக்குப் பொண்ணு குடுக்கப் போறியா?" என்று கேலி செய்தாள். "அவரு கேட்டா வாணாம்னா சொல்லப் போறேன்?" என்றாள் அம்மா. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாமா என்றிருந்தது.

வெயில் ஏறியது. பிள்ளைகள் கொடியை விசிறியாக்கிக்கொண்டார்கள். எங்களை அதட்டிக்கொண்டிருந்த போலீஸ்காரர், வேறு வழியில்லாமல் அம்மாவின் குடைக்குள் வந்து ஒண்டிக்கொண்டார். யாரோ மோர் கொடுத்தார்கள். ஷிப்ட் சைரன் ஊதியும் யாரும் ஓடாமல் நின்ற ஒரே காலை அதுதான். இப்போது நினைத்தாலும் அந்தக் காத்திருப்பு இனிக்கிறது. அப்படி ஒரு கூட்டமாக நாங்கள் பிறகு எதற்கும் நின்றதில்லை.

"வந்துட்டாரு!" என்று யாரோ கத்தினார்கள். அம்மா தட்டைத் தூக்கினாள். கறுப்புக் கண்ணாடி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, வழவழவென்ற ரோட்டில் விர்ரென்று போய்விட்டன. எதில் ராஜா இருந்தார் என்றே தெரியவில்லை. கற்பூரம் ஏற்றக்கூட நேரமில்லை.

"அந்த மேடு மட்டும் இருந்திருந்தா, ஒன் மூஞ்சிக்கு நேரா ஊர்ந்துக்கினு போயிருப்பாரும்மா" என்றான் தம்பி. கூட்டம் கொல்லென்று சிரித்தது. அம்மாவும் சிரித்தாள், ஆனால் கண் நிறைந்திருந்தது. எனக்கு அந்த ராஜாவின் மேல் அப்படியொரு கோபம் வந்தது. பாவம், அவருக்கு என்ன தெரியும்?

கயிற்றை அவிழ்த்ததும் அதுவரை நிறுத்தி வைத்திருந்த லாரிகளை விட்டார்கள். காத்துக் கிடந்த கடுப்பில் எல்லாம் பறந்து வந்தன. ஒரு சின்னப் பெண் கீழே விழுந்த கொடியை எடுக்க ரோட்டுக்குள் ஓடினாள். தம்பி நொண்டிக்கொண்டே பாய்ந்து அவளை இழுத்தான். ஒரு டிப்பர் லாரி அவன் சட்டையை உரசிக்கொண்டு போனது. அம்மாவின் கையிலிருந்த தட்டு விழுந்தது. மேடு இருந்த இடத்தில் ஆரத்தித் தண்ணீர் சிவப்பாக ஓடியது. அதைப் பார்த்து அம்மா போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த அதிகாரிக்காக அவள் காத்திருக்கவில்லை. பொங்கல் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அன்று சாயங்காலமே சிமெண்டு குழைக்க உட்கார்ந்தாள். "அவங்களே போட்டுக் குடுப்பாங்களேம்மா" என்றார் காலையில் குடைக்குள் ஒண்டிய அந்தப் போலீஸ்காரர்.

"ராஜா நம்மள பாக்காட்டி போவுது சார். லாரிக்காரன் பாக்கணும்" என்றாள் அம்மா, தலையைத் தூக்காமல். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். பிறகு புது ரோடு போட்டவர்களும் அந்த மேட்டைத் தொடாமல், அதன் மேலேயே தாரை ஊற்றிவிட்டுப் போனார்கள். என் கம்பெனி பஸ் தினமும் அதில் ஏறி இறங்குகிறது. போன வாரம் புதிதாக வந்த டிரைவர் அந்த இடத்தில் பிரேக்கை மிதித்து, "எவன்யா இத இங்க போட்டது?" என்று எரிந்து விழுந்தார்.

"எங்கம்மா" என்றேன்.

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கினார்.