விடுப்பில் இருந்த குரல்

புனேவுக்கு மாற்றலாகி வந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. கணவர் கோயம்புத்தூரில் இருக்கும் கடையை விட்டுவிட்டு வரமாட்டார்; மகன் வெளிநாட்டில். ஆகுர்டியில் ஒரு வீடு, கட்கியில் அலுவலகம், நடுவில் லோக்கல் ரயில். படுத்தால் கண் கொட்டக் கொட்ட விழித்திருக்கும். யாரோ சொன்னார்கள் என்று, தூங்க வைக்கும் குரல்கள் உள்ள ஒரு ஆப்பை போனில் இறக்கிக்கொண்டேன். அதில் தமிழில் ஒரு பெண் குரல் எனக்குப் பிடித்துப்போயிற்று.

அந்தக் குரல் கதை சொல்லாது. நம்மை எங்கேயாவது நடத்திக் கூட்டிப்போகும். "மழை விட்டுடுச்சு. நீங்க மெல்லமா டேக்டி மேல ஏறுறீங்க. புல்லு ஈரமா இருக்கு. அவசரமே இல்ல" என்னும். குன்றை டேக்டி என்பது இந்த ஊர்த் தமிழ். ஆகவே அவளும் இங்கேதான் எங்கோ இருக்கிறாள். அந்த நினைப்பே ஒரு துணையாக இருந்தது. மாலை ரயிலில் காதில் மாட்டிக்கொள்வேன். காசர்வாடி தாண்டுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தொழிற்சாலைக் கூரைகள் கரைந்துபோகும். நான் ஈரப் புல்லில் நடந்துகொண்டிருப்பேன். ஆகுர்டியைக் கோட்டைவிட்டு லோணாவ்ளா பக்கம் போய்க் கண்விழித்த மாலைகள் உண்டு. அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை.

அலுவலகத்தில் நான் வேறு ஆள். மத்திய அரசு அலுவலகம். எங்கள் பிரிவில் யாருக்கு விடுப்பு கொடுப்பது என்பது என் கையில். முதுகுவலி என்று மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு, கோச்சிங் கிளாஸில் நின்றபடியே கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பிடித்து, அவருடைய சம்பள உயர்வை நிறுத்த வைத்தவள் நான். அரசுச் சம்பளத்தில் விடுப்பில் இருந்துகொண்டு, அனுமதி கேட்காமல் வெளியில் சம்பாதிப்பது தப்பு. இதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் இருந்ததில்லை.

என் பிரிவில் ஒரு கிளார்க் இருந்தாள். கட்கியிலேயே பிறந்து வளர்ந்தவள். வெடிமருந்துத் தொழிற்சாலை வேலைக்கு எப்போதோ வேலூர்ப் பக்கமிருந்து வந்த குடும்பம். இருவரும் தமிழர் என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் தமிழில் பேசிக்கொண்டதே இல்லை. நாலு பேர் நடுவில் நாங்கள் மட்டும் தமிழில் பேசினால், தங்களைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். அதனால் எப்போதும் இந்திதான். அவளுடைய இந்தி பட்டாசு மாதிரி படபடக்கும். மகள் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதப்போகிறாள் என்று குழந்தைப் பராமரிப்பு விடுப்பு கேட்டாள். கொடுத்தேன்.

அந்த விடுப்பை நீட்டித்துத் தரும்படி கேட்க, ஒரு மத்தியானம் மகளோடு வந்தாள். என் எதிரே நின்று இந்தியில் பேசிக்கொண்டிருந்தவள், "ஏக் மினிட், மேடம்" என்று சட்டென்று வெளியே போனாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்குக் கைகால் நடுங்கிக்கொண்டிருந்தது. பரீட்சைப் பயம். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டாள்.

"கண்ணை மூடிக்கம்மா. மூச்சை மெல்லமா விடு. மழை விட்டுடுச்சு. அவசரமே இல்ல."

திறந்திருந்த கதவு வழியாக அது உள்ளே வந்தது. கையில் பேனாவோடு இருந்தேன். இமைகள் தாமாக இறங்கின. மின்விசிறிச் சத்தம் காற்றாகி, மேசையும் கோப்புகளும் எங்கோ நகர்ந்து, ஈர மண்ணின் வாசனை வந்தது. நான் குன்றின்மேல் ஏறிக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரமோ. "மேடம், சாய்" என்று பியூன் டம்ளரை வைத்த சத்தத்தில் கண் விழித்தேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். முதல்முறையாகத் தமிழில் கேட்டேன்.

"அந்த ஆப்புல பேசறது நீங்கதானுங்களா?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. மறுக்கவில்லை.

"பொண்ணுக்குத் தூக்கமே வரல மேடம். அவளுக்காகச் சொன்னதுதான் எல்லாம். அவதான் ரெகார்ட் பண்ணிப் போட்டா. நிறைய பேர் கேட்டாங்க. அப்புறம் கம்பெனிக்காரங்க பைசா தரோம், இன்னும் பேசுங்கன்னாங்க. பேசினேன்." கொஞ்சம் நிறுத்தி, "லீவை இதுக்குன்னு எடுக்கல மேடம்" என்றாள்.

நம்பினேன். மகளைப் பார்த்துக்கொள்ளத்தான் விடுப்பு, மகளைத்தான் பார்த்துக்கொண்டாள். ஆனால் அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறாள். மேலே எழுதினால் அவள் வேலைக்கே ஆபத்து வரலாம். எழுதாமல் விட்டால், அந்தக் கணக்கு வாத்தியாரை மட்டும் எந்த முகத்தோடு பிடித்தேன்? இதற்கெல்லாம் நடுவில், அந்தக் குரல் நிற்கக்கூடாது என்று எனக்குள் ஒருத்தி பதறிக்கொண்டிருந்தாள். அந்த உள்ளே இருந்தவள்மேல்தான் எனக்கு எரிச்சலாக வந்தது.

"பேசினது எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துருங்க" என்றேன். "நடந்ததை நடந்தபடி எழுதி, பர்மிஷன் கேட்டுக் குடுங்க. நீங்களா ஒத்துக்கிட்டீங்க, மகளுக்காக ஆரம்பிச்சதுன்னு நானும் எழுதி மேல அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் ஒரு வார்த்தை பேசக்கூடாதுங்க."

"சரி மேடம்."

கதவைத் திறந்து மகளிடம் சொன்னாள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே மகள் ஒவ்வொன்றாக நீக்கினாள். எல்லாம் போய்விட்டது என்று அம்மாவிடம் தலையை மட்டும் ஆட்டினாள். நான் விடுப்பை நீட்டித்துக் கையெழுத்துப் போட்டேன்.

கதவருகே போனவள் திரும்பி, "எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க?" என்றாள்.

"நானும் தெனமும் கேக்கறவதானுங்க."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பயம் அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. பிறகு, அந்தக் குரலிலேயே கேட்டாள்.

"தூக்கம் வரலையா மேடம்?"

இந்த ஊருக்கு வந்த பிறகு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் போகவில்லை. அங்கேயே நின்றாள், எதுவும் பேசாமல், நான் சொன்னபடியே.

விண்ணப்பம் இன்னும் தலைமை அலுவலகத்தில் கிடக்கிறது. நான்தான் அடிக்கடி போன் செய்து விரட்டிக்கொண்டிருக்கிறேன். கீழே வேலை செய்கிற ஒருத்திக்காக இவ்வளவு மெனக்கெடும் அதிகாரியைப் பார்த்ததே இல்லை என்று அங்கே என்னைப் புகழ்கிறார்கள்.