படத்தில் இல்லாத சர்தார்

போர்ட் லூயிஸில் நான் குமாஸ்தாவாக இருந்த அலுவலகத்துச் சுவரில் எனக்குப் பிடித்த ஓவியம் ஒன்று இருந்தது. கரும்புத் தோட்டத்தில் பெண்கள் குனிந்திருப்பார்கள். மண்ணை வணங்குகிறார்கள் என்று வருவோருக்கெல்லாம் விளக்குவேன். அதற்கு மட்டும் விண்ணப்பம் கேட்டதில்லை.

ஒருநாள் பாம்ப்ளமூஸிலிருந்து, கரும்பு வெட்டும் பெண் ஒருத்தி மகளின் பிறப்புச் சான்றிதழுக்காக வந்தாள். மறுநாளோடு பள்ளிச் சேர்க்கை முடிகிறது. விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்து இல்லை.

"அடுத்த வாரம் வாம்மா" என்றேன். ஆறுதலாக, அவளோடு ஓவியத்தின் எதிரே நின்று விளக்கவும் செய்தேன்.

"நோன், மிஸ்யே" என்று கிரியோலில் மறுத்தாள். "கும்பிடல. சர்தார் பாக்கறான், அதான் நிமிரல."

"படத்துல மேற்பார்வைக்காரன் எவனும் இல்லையே?"

"இருக்கானே. நாம நிக்கற எடத்துல."

சாட்சியாக நானே கையெழுத்திட்டேன். குமாஸ்தாவும் சாட்சியாகலாம் என்ற விதி எனக்கு முதலிலேயே தெரியும். அந்த ஓவியம் இன்றும் பிடிக்கும். எதிரே நிற்கத்தான் கூசுகிறது.